கதையில வச்ச பேரு

பேய் பிசாசுன்னு எங்கிட்ட யாராச்சும் சொன்னா மூஞ்சிக்கு நேரா சிரிச்சிருவேன், அப்படிப்பட்டவ நான். எங்க தெருவுல ஒருத்திக்குச் சாமி வந்து ஆடுனப்போ, சோறு ஆறுது, சீக்கிரம் மலையேறச் சொல்லுங்கன்னு சொல்லி மாமியாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவ. அதனால இத நீங்க நம்பலேன்னா எனக்கு வருத்தமில்ல, உங்க எடத்துல நான் இருந்தா நானும் நம்ப மாட்டேன். ஆனா குறுக்க பேசாமக் கேளுங்க. நடுவுல நிறுத்துனா எனக்குத் திரும்பச் சொல்ல வராது.

நான் சின்னமனூர்ல ஒரு ஏலக்கா ஸ்டோர்ல வேலை பாக்குறேன். மலையிலருந்து வர்ற காய முறத்துல கொட்டி, பச்சை தனியா, வெளுத்தது தனியா, வெடிச்சது தனியாப் பிரிக்கணும். பத்துப் பொம்பளைக சுத்தி உக்காந்திருப்போம். முதலாளி செல்போன உள்ள விட மாட்டாரு, கண்ணு போன்ல போனா வெடிச்ச காய் பச்சையில கலந்துருமாம். கை மட்டும் வேலை பாத்துக்கிட்டு காது சும்மா கெடந்தா எம்புட்டு நேரந்தான் உக்காந்திருக்கிறது? அதனால மத்தியானச் சோத்துக்கு அப்புறம் நான் கதை வாசிப்பேன், பத்தாவது வரைக்கும் படிச்சவ நான் ஒருத்திதான். நான் வாசிக்கிற நேரத்துக்கு என் முறத்துக் காய மத்தவுக ஆளுக்குக் கொஞ்சமா அள்ளிப் பிரிச்சுக் குடுத்திருவாக.

எல்லாம் பழைய மாயாசாலக் கதைக. அட்டையில ராசகுமாரன் வெள்ளக் குதிரையில சிரிச்சுக்கிட்டு இருப்பான், சின்னப்பிள்ளைக படிக்கிறதுன்னு நெனைச்சுருவோம். உள்ள தொறந்தா, ஆத்தாடி! ஒருத்தன் உடம்பெல்லாம் கல்லாப் போயி கண்ணு மட்டும் உசிரோட முழிச்சுக்கிட்டு இருப்பான், ஒருத்தி பெத்த பிள்ளையவே பலிக்குக் குடுப்பா, கடைசியில ஒரு கல்யாணத்தப் பண்ணி சுபம்னு போட்டு முடிச்சிருவாங்க. அந்தக் கல்லானவன் என்னானான், அந்தப் பிள்ளை என்னாச்சுன்னு ஒருத்தரும் கேக்குறதில்ல. நானும் கேட்டதில்ல.

எங்ககிட்ட ஒரு பழக்கம் உண்டு. கதையில வர்ற பேரெல்லாம் வாயில நுழையாதுல்ல, அதனால எங்க ஊர் ஆளுக பேர வச்சுத்தான் படிப்பேன். அரக்கன் வந்தா எங்க சூப்பர்வைசர் பேரு. பேராசை பிடிச்ச மந்திரிக்கு எங்ககூடக் காய் பிரிக்கிற பாண்டியம்மாக்காவோட கொழுந்தன் பேரு. கொழுந்தன் கழுமரத்துல ஏறுனப்போ அந்தக்கா சிரிச்ச சிரிப்புல முறமே கவுந்துருச்சு. அம்புட்டும் வெளையாட்டுத்தான், சாமி சத்தியமா வெளையாட்டுத்தான்.

இது நடந்தது போன ஐப்பசியில. எங்க வீட்டுக்காரு மேகமலை எஸ்டேட்டுக்குப் போயிருந்தாக, ஏலத்தோட்டத்துல நெழல் மரத்துக் கெளையக் கழிக்கிற வேலை. பக்கத்துத் தெரு செல்வமும் கூடப் போயிருந்தான், கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகல அவனுக்கு. கெளம்புன அன்னைக்கு விடியக் கருக்கல்ல வந்து நின்னு, "அக்கா, அண்ணனக் கூட்டிட்டுப் போறேன், திட்டாதீக"ன்னு சொல்லி எங்க வீட்டுக் காப்பியக் குடிச்சிட்டுப் போனான். எனக்கு எங்க வீட்டுக்காரு மேல அப்படி ஒரு கோபம். மகளுக்குக் காய்ச்சல் கொதிக்குது, ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்கன்னேன், கேக்கல. அங்கன டவரும் கெடைக்காது, பத்து நாளா ஒரு பேச்சு இல்ல.

அந்தக் கோபத்தோடதான் அன்னைக்குப் புத்தகத்தத் தொறந்தேன். ராசகுமாரனும் அவன் ஆளுக ஏழு பேரும் மலை தாண்டிப் போறாக, மேகம் மூடிருது, ஒரு குகைக்குள்ள ஒதுங்குறாக. உள்ள ஒரு கெழவி, தலைமுடி தரையில இழுபடுது. ஒவ்வொருத்தன் கையா தடவிப் பாக்குறா. அங்கனக்குள்ள பக்கத்தக் காணோம், யாரோ கிழிச்சிருக்காக, அடுத்த பக்கத்துல கல்யாண ஊர்வலம் வந்துருச்சு. இவளுக விடுவாளுகளா? குகையிலருந்து எப்படிக்கா வெளிய வந்தாகன்னு ஒரே நச்சு. சரின்னு நானா கட்டிவிட்டேன். ஒருத்தன இங்கன விட்டுட்டுப் போ, பேரச் சொல்லு, நான் கூட்டிக்கிறேன்னு கெழவி கேட்டா, ராசகுமாரனும் சொல்லிட்டான்னேன்.

"யாரு பேரச் சொன்னான்?"னு பாண்டியம்மாக்கா கேட்டாக.

நான் வெடுக்குன்னு சொன்னேன், "வனராசு"ன்னு.

எங்க வீட்டுக்காரு பேரு அது. எங்க பக்கம் பொம்பளைக புருசன் பேர வாயால சொல்றதில்ல, ரேசன் கடையில கேட்டாக்கூடப் பக்கத்துல நிக்கிறவளத்தான் சொல்லச் சொல்லுவோம். அம்புட்டுப் பேரும் கைய நிறுத்திட்டாளுக. பாண்டியம்மாக்கா, "ஏடி கூறுகெட்டவளே, தாலி கட்டுனவன் பேரையா சொல்லுவ? வாயில அடிச்சுக்கடி மொதல்ல"ன்னு கத்துனாக. சமாளிக்கணும்ல, "சரி சரி, அவுக இல்ல, செல்வம்னு வச்சுக்கங்க"ன்னு சொல்லிட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணாப் போனவுக, அதுல அந்தப் பேரு வந்துருச்சு. வேற ஒண்ணும் மனசுல இல்ல. கெழவி செல்வம் கையப் பிடிச்சு மேகத்துக்குள்ள கூட்டிட்டுப் போனா, அவன் சத்தங்கூடப் போடலன்னு முடிச்சேன். நல்லாருக்குன்னு சிரிச்சாளுக. சூப்பர்வைசர் எட்டிப் பாத்து, மணி ரெண்டாச்சு, சத்தத்தக் கொறைங்கன்னு சொல்லிட்டுப் போனாரு.

சாயங்காலம் வீட்டுக்குப் போறேன், தெருவே கூடி நிக்குது. மேகமலையில செல்வத்தக் காணோம்னு எஸ்டேட் ஆபீஸ் போன்லருந்து தகவல் வந்திருக்கு.

போலீஸ், பாரஸ்ட்காரவுக, எஸ்டேட் ஆளுகன்னு எல்லாரும் தேடுனாக. மரத்து மேல பாதி வெட்டுன கெளையில அவன் கத்தி கொத்துனபடி நிக்குது, இடுப்புல கட்டுன கயிறு முடிச்சு அவுக்காமத் தொங்குது, ஆளு மட்டும் இல்ல. யானைன்னாக, சிறுத்தைன்னாக. அம்புட்டு ஒசரத்துல கட்டுன முடிச்சுக்குள்ளருந்து ஆள உருவிட்டுப் போற யானை எங்கன இருக்குன்னு நான் கேக்கல.

எங்க வீட்டுக்காரு கீழ வந்து ஒரு வாரம் வேலைக்குப் போகல. ஒருநாள் மகள மடியில போட்டுக்கிட்டு அவுகளாச் சொன்னாக. மத்தியானந்தானாம், ஆனா மேகம் எறங்கி எதுக்க இருக்கிற மரம் தெரியல. அன்னைக்கு மழைக்காகப் பொம்பளையாளுகள வேலைக்கு விடல, ஆனா ஏலச்செடி ஊடால ஒரு பொம்பள வந்திருக்கா. முடி செடியில சிக்கிச் சிக்கி இழுபடுதாம். "வனராசு"ன்னு கூப்பிட்டுக்கிட்டே நேரா இவுகளப் பாத்து வந்திருக்கா. கால நகட்ட முடியல, கத்த வாய் வரல. கைக்கு எட்டுற தூரத்துல சட்டுன்னு நின்னுட்டாளாம். கீழ, நம்ம ஊர்ப் பக்கமாத் தலையச் சாச்சு, யாரோ பேசுறதக் கேக்குற மாதிரிக் காதக் குடுத்திருக்கா. அப்புறம் இவுகளப் பாத்து, "நீ இல்லயாம்"னு சொல்லிட்டு, செல்வம் ஏறியிருந்த அடுத்த மரத்துப் பக்கம் திரும்பிப் போயிட்டாளாம். அப்பத்தான் எஸ்டேட் பேக்டரியில ரெண்டு மணிச் சங்கு ஊதுனுச்சாம்.

"அவன ஒரு சத்தம் குடுத்து எறங்கச் சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டுட்டேனே"ன்னு அழுகுறாக. நான் முந்தானையால அவுக கண்ணத் தொடச்சுவிட்டேன். அந்தக் கதைய நான் அவுககிட்டச் சொன்னதேயில்ல, இன்னைக்கு வரைக்கும் சொல்லல. பாண்டியம்மாக்காவும் மத்தவளுகளும் அதப் பத்தி வாயத் தொறக்குறதில்ல. அந்தப் புத்தகத்த அன்னைக்கே அடுப்புல போட்டேன், அப்புறம் கதை வாசிக்கிறதையே விட்டுட்டேன்.

போன மாசம் செல்வம் பொண்டாட்டி கௌசல்யா எங்க ஸ்டோருக்கே வேலைக்கு வந்துட்டா. வயித்துப் பாட்டுக்கு வேற என்ன செய்வா பாவம்? பொட்டு வச்சுக்கிட்டு, தாலியக் கழட்டாம, எனக்கு எதுக்க உக்காந்து காய் பிரிக்கிறா. முந்தி நான் ஊர் ஆளுக பேர வச்சுக் கதை படிப்பேன்னு எவளோ அவகிட்ட உளறி வச்சிருக்கா. அத மட்டுந்தான் சொல்லியிருக்கா, மத்தது சொல்லல. இவ எங்கிட்ட வந்து, "அக்கா, ஒரு கதை சொல்லுங்க. அதுல ஒரு ஆளுக்கு எங்க வீட்டுக்காரு பேர வச்சு, அவன வீடு வந்து சேர்ற மாதிரி முடிங்கக்கா, காதுல கேட்டாப் போதும்"ங்கறா.

சொல்லியிருப்பேன். சத்தியமா அன்னைக்கே சொல்லியிருப்பேன். ஆனா மேகமலை மழையிலயும் பனியிலயும் நாலு மாசம் ஆகிப்போச்சு. இப்ப வான்னு கூப்பிட்டா அவன் எந்தக் கோலத்துல வருவான்? வந்து அவ கதவத் தட்டுனா, தொறக்கப் போறது கௌசல்யாதான?

தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லித் தட்டிக் கழிச்சுக்கிட்டு இருக்கேன். அவ அத நம்பிக்கிட்டு தெனமும் வீட்டுலருந்து பிளாஸ்க்ல சுக்குக் காப்பி போட்டுக் கொண்டு வர்றா. எனக்குன்னு தனியா ஒரு டம்ளர்ல ஊத்தி, "சூடாக் குடிங்கக்கா, நாளைக்குள்ள சரியாயிரும்"ங்கறா. நானும் வாங்கிக் குடிக்கிறேன்.