மிக்ஸிக்குப் பெட்டி செய்த பாசிலியா

தாரிஹா நகரச் சந்தையில் பழச்சாறு வரிசை என்றால் பதினோரு கடை. கடைக்கு இரண்டு மிக்ஸி, சிலரிடம் மூன்று. காலை ஏழு மணிக்கு முதல் மிக்ஸி உறும ஆரம்பித்தால் பிற்பகல் மூன்று மணிவரை ஓயாது. நான்காவது கடை பாசிலியா தெஹெரீனாவுடையது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே நின்று பப்பாளியையும் பாலையும், அன்னாசியையும் ஆரஞ்சையும் அடித்து ஊற்றியவள். குள்ளமான உடம்பு, பெரிய தொண்டை. அந்த வரிசையில் வாடிக்கைக்காரரைக் கூப்பிட அவள் வாய் திறந்தால் மீன்கடைக்காரன்கூடத் திரும்பிப் பார்ப்பான்.

அந்தத் தொண்டைக்கு வருஷத்தில் ஒரு நாள் பெரிய வேலை உண்டு. பிப்ரவரியில் வரும் திருவிழாவுக்கு முந்தின வியாழக்கிழமை தோழிமார் நாள். தாரிஹாவின் பெண்கள் கூடை நிறையப் பழமும் கேக்கும் பூவும் வைத்து ஒருத்திக்கொருத்தி கொடுத்துக்கொண்டு, தலையில் திருநீற்றுப்பச்சையைச் செருகிக்கொண்டு, கைப்பறை தட்டித் தெருவில் ஆடுவார்கள். சாயங்காலம் சதுக்கத்தில் எதிர்ப்பாட்டு. ஒருத்தி நாலு வரியில் சீண்டிப் பாட, மற்றவள் அந்த இடத்திலேயே கட்டி நாலு வரியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். சாறு வரிசைக்குப் பாசிலியா. இறைச்சி வெட்டும் கறி வரிசைக்குப் பெத்ரோனா. இருவரும் மோதினால் கூட்டம் மரத்தில் ஏறி நின்று கேட்கும். ஆறு வருஷம் தொடர்ந்து பாசிலியாதான் ஜெயித்தாள்.

ஏழாவது வருஷம் மானம் போனது.

பாசிலியாவின் கணவர் அன்செல்மோ மினிபஸ் இருக்கைகளுக்கு மெத்தை தைப்பவர். பெத்ரோனா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் புருஷன் தைச்ச மெத்தை
ஒரு பக்கம் சாஞ்ச மெத்தை
உக்காந்த பேரெல்லாம்
ஓடுறாங்க ஒத்தை ஒத்தை!"

பாசிலியாவின் காதில் விழுந்தது 'அத்தை'. யோசிக்கக்கூட இல்லை, பறையை ஓங்கித் தட்டிப் பதில் கொடுத்தாள்.

"எங்க அத்தை தங்க அத்தை
எவளுக்கும் அடங்கா அத்தை..."

மூன்றாம் வரிக்குப் போகவே முடியவில்லை. சதுக்கமே விழுந்து விழுந்து சிரித்தது. பெத்ரோனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மெத்தைடி, மெத்தை! உங்க அத்தையை யாருடி கூப்பிட்டா?" என்றாள். அன்றைக்குப் பாசிலியா கூடையை எடுத்துக்கொண்டு பின்வழியாக வீட்டுக்கு நடந்தாள்.

சத்தம்தான் காரணம், பறைதான் காரணம் என்று ஒரு வாரம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆனால் அவளுக்குத் தெரியும். கடையை மூடிய பிறகும் சாயங்காலம் முழுக்கக் காதுக்குள் ஒரு சில்வண்டு கத்திக்கொண்டிருந்தது. பிதேல் வாத்தியார் சர்க்கரை நோயாளி. இருபது வருஷ வாடிக்கை. போன மாதம் அவர் 'சீனி வேணாம்' என்றதை 'வேணும்' என்று கேட்டு இரண்டு கரண்டி அள்ளிப் போட்டிருந்தாள்.

"ஏம்மா பாசிலியா, என்னை மேல அனுப்பிடலாம்னு முடிவே பண்ணிட்டியா?" என்று கேட்டார் அவர், ஒரு வாய் குடித்துவிட்டு.

மார்ச் மாதம் சந்தை வாசலில் சுகாதாரத் துறை வண்டி ஒன்று வந்து நின்றது. இலவசக் காதுப் பரிசோதனை. வரிசையிலிருந்து யாரும் போகவில்லை. பாசிலியா மட்டும் ஏப்ரனை அவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். மார்லேனி என்ற பெண் அவள் தலையில் ஒரு கருவியை மாட்டி, சின்னச் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். பாசிலியா பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். காத்துக்கொண்டே இருந்தாள்.

"ஆரம்பிக்கலையா இன்னும்?" என்றாள்.

"முடிஞ்சிடுச்சுக்கா" என்றாள் மார்லேனி.

தாளில் ஒரு கோடு படிக்கட்டு மாதிரி கீழே இறங்கியிருந்தது. கீச்சுக் குரல்களும், சொல்லின் ஓரத்தில் வரும் மெல்லிய ஒலிகளும் அவளுக்குப் பாதி போய்விட்டன என்றாள் மார்லேனி. "பக்கத்துல நிக்கிற ஆள்கிட்டப் பேசவே கத்த வேண்டியிருக்கா? அப்படின்னா அந்தச் சத்தம் உங்க காதைத் தின்னுதுன்னு அர்த்தம். போனது வராதுக்கா. இருக்கிறதைக் காப்பாத்தலாம்."

"எவ்வளவு இருக்கு?"

"நிறைய இருக்கு."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பாசிலியா ஓட்டமும் நடையுமாகக் கடைக்குத் திரும்பினாள். சத்தத்தை அளக்கக் கைப்பேசியில் ஒரு செயலியை மார்லேனி போட்டுக் கொடுத்திருந்தாள். எண்பத்தைந்து டெசிபெலைத் தாண்டினால் நாள் பூராவும் கேட்கக் கூடாதாம். ஐஸும் அன்னாசியும் போட்டு மிக்ஸியை ஓட்டிப் பார்த்தாள். தொண்ணூற்று நாலு.

"தொண்ணூத்தி நாலு!" என்று கத்தினாள்.

"யாருக்கு வயசு?" என்றாள் அடுத்த கடை நீவெஸ்.

அன்று மாலையே அன்செல்மோவின் பட்டறையில் வேலை தொடங்கியது. மிச்சப் பஞ்சை வெட்டி, ரெக்சின் போர்த்தி, மிக்ஸிக்கு மேலிருந்து கீழ்வரை இறுக்கமாக ஓர் அங்கி தைத்தார்கள். சத்தம் அப்படியே அடங்கியது. மூன்று நாள் பாசிலியா ராணி மாதிரி இருந்தாள். நாலாம் நாள் வெண்ணெய்ப்பழமும் பாலும் அடித்துக்கொண்டிருந்தபோது அங்கிக்குள்ளிருந்து புகை வந்தது. உருவி எடுப்பதற்குள் மோட்டார் தீய்ந்து, குடுவை சாய்ந்து, பச்சைப் பால் பலகையெல்லாம் ஓடியது.

"எல்லாரும் வந்து பாருங்க! பாசிலியா மிக்ஸியை வேக வச்சுட்டா!" என்று நீவெஸ் வரிசை முழுக்கக் கேட்கக் கூவினாள். "பரிமாற எவ்வளவு நேரமாகும் அக்கா?"

பாசிலியாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஆனால் அந்த மூன்று நாள் சாயங்காலங்களில் காதுக்குள் சில்வண்டு பாதியாகக் குறைந்திருந்ததை நீவெஸ் அறியமாட்டாள். அதைத் தெரிந்துகொண்ட பாசிலியா இனி விடுவாளா?

"காத்து போகணும், சத்தம் போகக் கூடாது. அவ்வளவுதானே?" என்றாள் கணவரிடம்.

"அவ்வளவுதான்னு சொல்றதுக்கு உனக்கென்ன" என்றார் அன்செல்மோ. ஆனாலும் அவருக்கும் பற்றிக்கொண்டது. சாப்பிடும்போதுகூடக் கரண்டியால் தட்டில் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒட்டுப்பலகையில் மூன்று பக்கமும் கூரையும் உள்ள ஒரு பெட்டி செய்தார்கள். உள்ளே முட்டை அட்டை ஒட்டினார்கள். அது ஈரத்தில் ஊறி நாறியது. கழுவித் துடைக்கக்கூடிய ரெக்சின் போர்த்திய பஞ்சை ஒட்டினார்கள், அது நின்றது. பின்பக்கம் கீழே ஒரு ஓட்டை போட்டு, காற்று நேராக வெளியேறாமல் ஒரு சுற்றுச் சுற்றிப் போக உள்ளே தடுப்பு வைத்தார்கள். முன்பக்கம் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கதவு. பழைய டயரை வெட்டி மிக்ஸிக்கு அடியில் வைத்ததும் பலகை அதிர்வது நின்றது. அதுவே பாதிச் சத்தம் என்று பாசிலியா அன்றுதான் கண்டுபிடித்தாள்.

கை வேலையையும் மாற்றினாள். ஐஸை மிக்ஸியில் போடுவதை நிறுத்திவிட்டு, சாக்கில் கட்டிக் காலையிலேயே மரச்சுத்தியால் நொறுக்கி வைத்தாள். பழத்தைச் சின்னதாக நறுக்கினாள். தண்ணீரையோ பாலையோ முதலில் ஊற்றினாள். அரை நிமிஷ ஓட்டம் பதினைந்து நொடியானது. இரண்டு மிக்ஸியையும் ஒரே நேரத்தில் ஓட்டுவதில்லை. ஓடும்போது தலையில் பெரிய காதுமூடி; நின்றதும் கழுத்துக்கு இறக்கிவிட்டு, "சொல்லுங்க கசேரா!" என்று வாடிக்கைக்காரரை அந்த ஊர்ச் செல்லப் பெயரில் கூப்பிட்டுக் கேட்பாள்.

"விமானம் எப்ப கிளம்புது பைலட்டம்மா?" என்று எதிர்க்கடையிலிருந்து கேட்டார்கள்.

"உங்களுக்கு டிக்கெட் கிடையாது" என்றாள் பாசிலியா.

பெட்டியில் வைத்து அளந்த அன்று கைப்பேசி எழுபத்தொன்பது காட்டியது. அவள் அன்செல்மோவை அத்தனை பேர் முன்னிலையில் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். அவர் காது சிவந்துபோய் ஆணிகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

ஆனால் வரிசையில் மற்றப் பத்துக் கடை இருக்கிறதே. அவர்களை எப்படி அசைப்பது? பாசிலியா தாளை நீட்டிக் காட்டினாள், கைப்பேசியைக் காட்டினாள். யாரும் மசியவில்லை. அசைத்தது வேறொன்று. பிதேல் வாத்தியார் அவள் பெஞ்சில் செய்தித்தாள் படிக்க உட்கார ஆரம்பித்தார். அவரோடு இன்னும் இரண்டு வாத்தியார்கள். பிறகு ஆஸ்பத்திரி நர்ஸுகள், கத்தாமல் பேச ஓர் இடம் கிடைத்ததே என்று. ஒரு கிளாஸ் குடிக்க வந்தவர்கள் இரண்டு கிளாஸ் குடித்தார்கள். நீவெஸின் பெஞ்ச் காலியாக வெயில் காய்ந்தது.

"என்னடி வசியம் வச்சே அந்தப் பொட்டிக்குள்ள?" என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள் நீவெஸ்.

"உள்ளே தலையை விட்டுப் பாரு."

நீவெஸ் நிஜமாகவே தலையை விட்டுப் பார்த்தாள். வெளியே வந்தாள். "எனக்கும் சாயங்காலம் காதுல விசில் அடிக்குதுடி" என்றாள் மெதுவாக. "வயசாயிடுச்சுன்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லலை."

மறு வாரம் அவள் கடையில் பெட்டி வந்தது. நீலக் கலர்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினாள். பிப்ரவரி பிறப்பதற்குள் பதினோரு கடையில் ஒன்பதில் பெட்டி. காய்கறி வரிசையில் விலை பேசுவது இப்போது சாறு வரிசையில் கேட்டது. அந்தச் சந்தையில் அத்தனை புறாக்கள் இருப்பதே அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

தோழிமார் நாள் வந்தது. அதற்கு முன் மூன்று நாள் பாசிலியா மிக்ஸிப் பக்கமே போகவில்லை. கடையை நீவெஸ் பார்த்துக்கொண்டாள். "நீ போய் காதைக் காயப்போடு" என்று துரத்திவிட்டாள்.

சதுக்கத்தில் கூட்டம் நெரிந்தது. பெத்ரோனா சிவப்பு ரோஜாவைக் காதோரம் செருகிக்கொண்டு, பறையைத் தட்டி, கண்ணடித்து ஆரம்பித்தாள்.

"சாறு பிழியும் சின்னக்கா
பெட்டிக்குள்ள என்னக்கா?
மிக்ஸியைத் தொட்டில்ல போட்டு
தாலாட்டுறியோ சொல்லக்கா!"

ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்து விழுந்தது. பாசிலியாவுக்கு உள்ளங்கால்வரை சிலிர்த்தது.

"மிக்ஸிக்கொரு பெட்டி வச்சேன்
மூணு தெரு தூங்குது
உன் வாய்க்கொரு பெட்டி செய்ய
ஒரு காடே பத்தாது!"

சாறு வரிசை எழும்பிக் குதித்தது. நீவெஸ் திருவிழா மாவுப்பொடியை வானத்தில் வீசினாள். பெத்ரோனா திருப்பிக் கொடுத்தாள், பாசிலியா விடவில்லை. நாலு சுற்று, ஐந்து சுற்று. ஆறாவது பாட்டின் நடுவில் தெருமுனையில் ஒரு பித்தளை வாத்தியக் கூட்டம் வந்து முழங்கியது. பெத்ரோனாவின் உதடு அசைந்ததுதான் தெரிந்தது. கடைசி இரண்டு வரி காற்றோடு போயிற்று.

கூட்டம் காத்திருந்தது. குத்துமதிப்பாக எதையாவது பாடிவிடலாம். இதுவரை பாசிலியா அப்படித்தான் சமாளித்து வந்தாள். அவள் பறையை ஒரு தட்டுத் தட்டி, கையைக் காதில் குவித்து, தொண்டையைத் திறந்தாள்.

"பாதிப் பாட்டு வந்து சேந்துச்சு
மீதிப் பாட்டு வரலை!
கத்திக்காரி, கத்திச் சொல்லு,
காது ரெண்டும் சரியில்லை!"

சதுக்கம் ஆரவாரத்தில் வெடித்தது. ஆண்கள் தொப்பியை வீசினார்கள். பெத்ரோனா திரும்பப் பாட வாயெடுத்தாள், சிரிப்பு வந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி சிரிப்பு. "அடிப் பாவி, என் பாட்டே எனக்கு மறந்துபோச்சுடி!" என்று பறையைக் கீழே வைத்தாள். நீவெஸும் மற்றவர்களும் பாசிலியாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வாத்தியக் கூட்டத்துக்குள்ளேயே போய் ஆடினார்கள். வாத்தியத்தை நெருங்கும் முன்பே அவள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டாள். தாளம் காலில் ஏறியது; அது போதும்.

மறுநாள் காலை, பாசிலியா ஐஸை நொறுக்கிக்கொண்டிருந்தபோது பலகைக்கு எதிரே பெத்ரோனா வந்து நின்றாள். கறிக்கறை படிந்த மேலங்கி. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"எங்க எலும்பறுக்கிற மிஷின் போடுற சத்தம் உனக்குத் தெரியாதுடி. பல்லெல்லாம் கூசும். உன் தலையில மாட்டுறியே, அது எங்க கிடைக்கும்?"

பாசிலியா கைப்பேசியை எடுத்து ஏப்ரனில் துடைத்தாள். "முதல்ல வா, எத்தனைன்னு அளப்போம்" என்று பலகைக்கு அடியில் குனிந்து வெளியே வந்தாள். "நீவெஸ், கடையைப் பாத்துக்கோ! நான் கறி வரிசைக்குப் போறேன்!"