கல்வராயன் மலையில் அரை மணி நேரம் பின்னால்

ஜூலை முதல் வாரத்தில் மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போய் வந்தேன். அருவிக்காகப் போகவில்லை. என் வேலையிலிருந்து தப்பிக்கப் போனேன். வெவ்வேறு நாடுகளில் இருக்கும் மருத்துவர்களிடம் நோயாளிகள் காணொளியில் பேச நேரம் பதிவுசெய்து தரும் ஒரு மென்பொருளில், எந்த நாட்டில் இப்போது மணி என்ன என்பதைச் சரியாக வைத்திருக்கும் பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். இதற்கு ஒரு பிரிவா என்று எல்லாரும் சிரிப்பார்கள். என் அம்மாவும் சிரிப்பார்.

ஆனால் நேரம் அப்படிச் சும்மா இருப்பதில்லை. பல நாடுகள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும், குளிர் வந்ததும் பின்னே இழுக்கும். சில நாடுகள் இந்தப் பழக்கத்தை விட்டுவிடும், சில வருடம் கழித்து மறுபடி பிடித்துக்கொள்ளும். எகிப்து ஒரே ஆண்டில் நான்கு தடவை கடிகாரத்தைத் திருப்பியிருக்கிறது. சமோவா தீவுக்காரர்கள் ஒரு வெள்ளிக்கிழமையையே நாட்காட்டியிலிருந்து தூக்கிவிட்டு, வியாழன் இரவு படுத்துச் சனிக்கிழமை காலை எழுந்தார்கள். கஜகஸ்தானின் அல்மாட்டி நகரம் நம்மைவிட அரை மணி நேரம் முன்னால் இருந்தது. ஓர் உத்தரவு வந்தது, இப்போது நமக்கு அரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இப்படி எங்கோ ஒருவர் கையெழுத்துப் போட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் மூன்று நாள் மணி பார்க்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். கைக்கடிகாரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்தேன். கைபேசியை வெள்ளிமலையில் இறங்கியதும் அணைத்துவிடுவதாகத் திட்டம்.

சென்னையில் காலை 6.10க்கு ஏறி, கள்ளக்குறிச்சியில் 11.35க்கு இறங்கினேன். டிக்கெட் 235 ரூபாய். பேருந்து நிலையத்துக்கு எதிரே சாப்பாடு 90 ரூபாய், காரக்குழம்பு அருமை. 12.45க்கு வெள்ளிமலைப் பேருந்து. பெண்களுக்கு டிக்கெட் வேண்டாம் என்று நடத்துநர் சொன்னார். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டிப் போய், மலை ஏறத் தொடங்கியதும் காற்று மாறிவிடும். இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். பெரியார் அருவியில் தண்ணீர் ஒரு குழாய் அளவுக்குத்தான் விழுந்தது. ஜூலையில் அருவிக்காக யாரும் போகாதீர்கள். விடுதி ஒரு நாளைக்கு 900 ரூபாய், வெந்நீர் வாளியில் வரும்.

மறுநாள் வியாழக்கிழமை. வெள்ளிமலையிலிருந்து உள்ளே பதினொரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு சிற்றூரில் நல்ல ஓடை இருப்பதாகத் தேநீர்க் கடையில் சொன்னார்கள். ஒன்பது மணிப் பேருந்தில் கிளம்பினேன். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன், ஏன் என்று போகப்போகத் தெரியும். பேருந்து நிறையப் பள்ளிப் பிள்ளைகள். பக்கத்தில் உட்கார்ந்தவர் அந்த ஊர் நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். தியாகதுருகத்துக்காரர், தினமும் இந்தப் பேருந்தில்தான் மேலே வருகிறார். பள்ளியைப் பார்த்துவிட்டு ஓடைக்குப் போங்களேன் என்றார்.

பள்ளி வாசலில் இறங்கியபோது நடத்துநரின் கடிகாரத்தில் 9.35. உள்ளே சுவர்க் கடிகாரத்தில் 9.05. பேட்டரி தீர்ந்துவிட்டது போல என்று சொன்னேன்.

"ஓடுதுங்க மேடம். நான்தான் அப்பிடி வெச்சிருக்கேன்" என்றார் அவர். "மூணு வருஷம் முன்னாடி இந்த பஸ்ஸு டைமிங்க மாத்திட்டாங்க. மூணு ஊரு புள்ளைங்க இதுலதான் வரணும். தெனமும் லேட்டு. திட்டு வாங்கி வாங்கி நெறைய புள்ளைங்க நின்னுடுச்சு. பஸ்ஸ மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. கடிகாரத்த மாத்தறதுக்கு ஒரு ஸ்டூலு போதும்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தால், இங்கே ஒரு தனி நேர மண்டலம். மழைக்காலத்தில் பேருந்து இன்னும் தாமதமாகும் என்பதால், ஐப்பசி, கார்த்திகையில் மேலும் கால் மணி நேரம் பின்னே இழுப்பாராம். ஆக, பருவத்துக்கேற்ற விதியும் உண்டு. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்திருக்கும் வழக்கத்தையும், போர்க்காலத்தில் இந்தியா முழுவதுமே ஒரு மணி நேரம் முன்னால் ஓடியதையும் அவருக்குச் சொன்னேன். "அப்ப நான் ஒண்ணும் புதுசா தப்பு பண்ணல" என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

அலமேலு என்பவளைப் பார்த்தது அந்தப் பள்ளியின் சமையலறையில்தான். அந்த ஊர்க்காரி, முப்பத்து நான்கு வயது, சத்துணவில் சமையல் செய்கிறாள். அடுப்புக்கு மேலே சுவரில் கரிக்கட்டியால் ஒரு கணக்கு எழுதியிருந்தது. மறுநாள் கள்ளக்குறிச்சியில் பத்தாம் வகுப்புத் துணைத் தேர்வில் கணக்குப் பரீட்சை எழுதப் போகிறாள், தனித்தேர்வராக. மற்ற பாடங்களில் தேறிவிட்டாள். கணக்கு மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. பக்கத்து ஊர்ச் சத்துணவு மையத்தில் அமைப்பாளர் இடம் காலி. அதற்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும், விண்ணப்பம் அடுத்த மாதம். இந்தத் தடவை விட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

ஓடை நன்றாக இருந்தது. முழங்கால் ஆழம், சுத்தமான தண்ணீர். திரும்பி வந்தால் மாலைப் பேருந்து பழுதாகி மேலே வரவே இல்லை. தலைமையாசிரியர் யாருடைய பைக்கிலோ பின்னால் உட்கார்ந்து கீழே இறங்கிவிட்டாராம். அலமேலுவின் வீட்டில் தங்கினேன். சாமைச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டாள், காசு கொடுத்தபோது முறைத்தாள். காலையில் இரண்டு பேரும் சேர்ந்தே இறங்குவது என்று பேச்சு. வழக்கமாகக் காலைப் பேருந்தில் போகிறவர்கள் விடிந்ததும் சாலைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்களாம். அலமேலுவுக்குக் காலையில் போய்ப் பழக்கமில்லை.

"பஸ்ஸு எத்தினி மணிக்குங்க்கா? நீங்க போர்டு பாத்தீங்களா?"

"இந்த ஊரில் ஆறே முக்கால். வெள்ளிமலையில் எழுதிப் போட்டிருக்கிறது, நானே பார்த்தேன். அவசரப்படாதே" என்றேன்.

காலையில் அவளுடைய பட்டன் போனில் ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. குளித்து, ஹால் டிக்கெட், பேனா, ஸ்கேல் எல்லாவற்றையும் சரிபார்த்துக் கிளம்பி, சாலைக்கு வந்தபோது அவள் போனில் 6.32. ஒருவரும் இல்லை. ஈர மண்ணில் டயர் தடம் புதிதாகக் கிடந்தது. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மாளிடம் கேட்டோம்.

"பஸ்ஸா? அது போயி எம்மா நேரம் ஆவுது. இன்னாத்துக்கு இம்மா லேட்டா வந்தீங்க?"

பையின் அடியிலிருந்து கைபேசியை எடுத்து உயிர்ப்பித்தேன். 7.03.

அந்த ஊரில் சிக்னல் கிடையாது. அலமேலுவின் போன் தானாக நேரத்தைத் திருத்திக்கொள்ளாது. அடுப்பு மூட்டுவதும் சோறு இறக்குவதும் பள்ளி மணிக்குத்தானே, போனையும் அதற்கே வைத்திருக்கிறாள். நான் சொன்ன ஆறே முக்கால் இந்திய நேரம். அவள் வைத்த அலாரம் பள்ளி நேரம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லித் தருவது ஒன்றுதான்: எந்த இடத்து மணி என்று கேட்காமல் மணியை வாங்காதே. அதைச் சொல்லியே பதினோரு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். முந்தின நாள் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தவளும் நான்தான். அவமானமாக இருந்தது.

அலமேலு அழவில்லை. சாலையோரக் கல்லில் உட்கார்ந்து ஹால் டிக்கெட்டை விரித்துப் படித்தாள். "பத்தரைக்கு மேல வுட மாட்டாங்க. அடுத்த பஸ்ஸு ஒம்போதே முக்காலுக்கு. கீழ போவ பன்னெண்டு ஆயிடும்" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

8.10க்கு ஒரு குட்டியானை வண்டி வந்தது. பின்னால் முழுக்கப் பலாப்பழம், கள்ளக்குறிச்சி மார்க்கெட்டுக்கு. ஓட்டுநர் கச்சிராயபாளையத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். விஷயத்தைக் கேட்டதும் முன்னிருக்கையில் கிடந்த சாக்கைத் தூக்கிப் பின்னால் போட்டார்.

"ஏறுங்க. பழத்துல கைய வெக்காதம்மா, பால் ஒட்டிக்கினா பரீச்ச பேப்பரு பாழாப் பூடும்."

"பத்தரைக்குள்ள போயிடலாமாங்க?" என்றாள் அலமேலு.

"கொண்டை ஊசில மட்டும் அவசரப்படுத்தாதீங்க. கீழ எறங்கினா நான் பாத்துக்கறேன்."

வெள்ளிமலை 8.40. அதைத் தாண்டிப் பத்து நிமிடத்தில், ஒரு வளைவில் மேலே வரும் பேருந்துக்கு வழிவிட்டு ஒதுங்கினோம். ஜன்னலில் தலைமையாசிரியர். அலமேலுவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. எட்டிப் பார்த்து, "நீ காலையிலயே போவல?" என்றார்.

"ஸ்கூல் டைம்ல வந்துட்டேன் சார்."

அவ்வளவுதான் சொன்னாள். அவருக்குப் புரிந்துவிட்டது. தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் வழியாக நீட்டினார். "இது சரியான டைமு. ஹால்ல இத வெச்சிக்க. பெரிய கணக்க மொதல்ல போடாத." பேருந்து நகர்ந்துவிட்டது. மூன்று வருடமாகப் பிள்ளைகளைக் காப்பாற்றிய ஒரு நல்ல ஏற்பாடு இந்த ஒருத்தியை மட்டும் கீழே தள்ளப் பார்த்ததே என்று அவர் அன்று முழுக்க நொந்துகொண்டிருப்பார். அதில் பாதிப் பங்கு என்னுடையது.

கச்சிராயபாளையம் 9.37. கள்ளக்குறிச்சி ஊருக்குள் நுழையும்போது 10.12. மார்க்கெட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் ஓட்டுநர் திரும்பவில்லை, நேராகத் தேர்வு மைய வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். 10.19. அலமேலு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். வாசலில் இருந்தவர் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், உள்ளே விட்டார். நான் ஓட்டுநரிடம் இருநூறு ரூபாய் நீட்டினேன். "டீ வாங்கிக் குடுங்க, போதும்" என்றார். டீ 12 ரூபாய்.

மதியம் 1.25க்கு வெளியே வந்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அவளே, "கடேசில ஒரு வரைபடம் வுட்டுப்போச்சுங்க்கா. மத்ததுலாம் போட்டுட்டேன்" என்றாள். சாப்பிட உட்கார்ந்தோம். இலையைத் துடைத்தபடியே கேட்டாள்.

"அந்த நாட்டுலலாம் நேரத்த மாத்தறாங்கன்னு சாருகிட்ட சொல்லிக்கினு இருந்தீங்களே. யாரு மாத்தறது?"

"அரசாங்கம்தான்."

"அது தானாவா மாத்துது? யாரும் கேக்காமயா?"

யோசித்துப் பார்த்தேன். விவசாயிகள் கேட்டிருக்கிறார்கள், பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் போகிறார்கள் என்று பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். லெபனானில் அரசாங்கம் மாற்றத்தைத் தள்ளிப்போட்டபோது பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை, சில நாள் ஒரே நாட்டில் இரண்டு மணி ஓடியது, கடைசியில் அரசாங்கம்தான் இறங்கி வந்தது. சொன்னேன்.

"அப்ப நாம கடிகாரத்த எதுக்கு இஸ்துக்கினு இருக்கோம்? பஸ்ஸ கேக்கலாமில்ல?"

எதிர்க் கடையில் இரண்டு முழு வெள்ளைத்தாள் வாங்கினாள், நான்கு ரூபாய். கள்ளக்குறிச்சியில் 7.15க்குக் கிளம்பும் பேருந்து 6.40க்குக் கிளம்பினால் பிள்ளைகள் ஒன்பது மணிக்குப் பள்ளியில் இருப்பார்கள் என்று அவளே எழுதினாள். நான் சொல்லித் தர வந்த இடங்களில், "இருங்க்கா, எனக்கு வரும்" என்றாள். முதல் கையெழுத்து அவளுடையது. ஊருக்குக் கொண்டுபோய் மற்ற பெண்களிடம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அன்று மாலை 4.20க்கு நான் சென்னைப் பேருந்தில் ஏறினேன்.

பதினோரு வருடமாக நேர மாற்றங்களை இடையூறாகவே பார்த்து வந்திருக்கிறேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால், தினமும் தாமதமாகிற யாரோ ஒருவர் வாய்திறந்து கேட்டிருக்கலாம் என்று அதற்கு முன் எனக்குத் தோன்றியதே இல்லை.

போகிறவர்களுக்கு: செப்டம்பருக்குப் பிறகு போனால் அருவியில் தண்ணீர் இருக்கும். வெள்ளிமலைக்கு உள்ளே கைபேசிச் சிக்னலை நம்பாதீர்கள், பணம் கையில் வைத்திருங்கள். மாலைப் பேருந்தை நம்பி உள்ளூர்களுக்குப் போகாதீர்கள், பிற்பகலிலேயே திரும்பிவிடுங்கள். கடிகாரம் கட்டிக்கொண்டு போங்கள். யாராவது மணி சொன்னால், எந்த மணி என்று கேளுங்கள். அந்தப் பள்ளிக்குப் போகும் உள்ளூர்ப் பேருந்து கள்ளக்குறிச்சியில் காலை 7.15.

திருத்தம்: இதை வெளியிட்டு ஐந்து வாரம் கழித்து நேற்று அலமேலு அழைத்தாள், சிக்னலுக்காக மேட்டில் ஏறி நின்றுகொண்டு. கணக்கில் நாற்பத்தொன்று. முப்பத்தைந்து போதும், ஆறு ஜாஸ்தி என்றாள். அமைப்பாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். மனுவில் அறுபத்து மூன்று பேர் கையெழுத்து. இந்தப் பதிவின் கடைசி வரிகளை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "நீங்க எழுதி வெச்சது தப்புங்க்கா, மாத்திடுங்க. திங்கக்கெழமைலருந்து பஸ்ஸு ஆறு நாப்பதுக்கு."

பள்ளிக் கடிகாரம் என்னவாயிற்று என்று கேட்டேன்.

"சாரு ஸ்டூல புடிச்சிக்கினாரு. முள்ள நான்தான் திருப்புனேன்."