டங்குவின் எட்டாவது மணி

என் தம்பியை ஊரில் பாதிப் பேருக்கு டங்கு என்று சொன்னால்தான் தெரியும். தவழ்கிற வயதிலேயே கையில் அகப்பட்டதை எல்லாம் தட்டிப் பார்ப்பான். தட்டு, தகர டப்பா, அப்பாவின் சைக்கிள் மட்கார்டு, ஒருமுறை விருந்துக்கு வந்திருந்த பெரியப்பாவின் வழுக்கைத் தலை. எது என்ன சத்தம் போடும் என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். இரண்டு மூடிகளைத் தட்டிவிட்டு, "அக்கா, இதுவா அதுவா?" என்பான். நான் ஒன்றைக் காட்டுவேன். மற்றது ஜன்னல் வழியாகப் பறக்கும். அடி மட்டும் என் முதுகில் விழும்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் ஆலையில் செக்கிங் வேலைக்குப் போனேன். பிசிறு, விட்டுப்போன தையல், கோணலான காலர் என்று எதையாவது கண்டுபிடிக்காமல் ஒரு சட்டையைக் கீழே வைத்ததில்லை. "அம்மா கைக்கு வந்தா மாப்பிள்ளைச் சட்டையும் ரிஜெக்ட்தான்" என்பார் சூப்பர்வைசர். ஒரு பொருளைப் பார்த்ததும் அதன் மேல் எனக்கு முதலில் வருவது சந்தேகம். வேலையை விட்டு வந்த பிறகும் அந்தக் குணம் என்னை விட்டுப் போகவில்லை.

டங்கு வார்ப்படப் பட்டறைக்குப் போனான். பம்பு உதிரிகளை வார்த்து, சம்மட்டிக்கும் கிரைண்டருக்கும் நடுவில் பாதி ஆயுளைக் கழித்தான். பிறகு சொந்தமாக ஒரு கொட்டகை போட்டு மணி செய்ய ஆரம்பித்தான். வாசலுக்கு, கேட்டுக்கு, மாட்டின் கழுத்துக்கு என்று எல்லா வகை மணியும் அவனிடம் உண்டு. வெண்கலத்தை வார்த்து, ஆறவைத்து, உட்புறத்தைச் சுரண்டிச் சுரண்டிச் சத்தத்தை வழிக்குக் கொண்டுவருவான். செல்போனில் சுருதி பார்த்து முள் காட்டுகிற கருவி இருக்கிறதே என்று கேட்டால், "முள் ரெண்டையும் சரிதான்னு சொல்லும். ஆனா ஒண்ணு உசிரோட இருக்கும், இன்னொண்ணு செத்துக் கிடக்கும். அதைக் காதுதான் சொல்லணும்" என்பான். என் தம்பி செய்த மணி ஒன்றும் இதுவரை திரும்பி வந்ததில்லை. இதை நான் யாரிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

வருஷத்தில் இரண்டு மாதம் அவனும் அவன் மனைவியும் மலைப்பக்கம் போய்விடுவார்கள். பழைய வேன் ஒன்றை அவனே கேரவனாக மாற்றியிருந்தான். மடக்குக் கட்டில், சின்ன அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, மணிகளை வைக்கத் துணி ஒட்டிய பெட்டிகள். அதற்கு நத்தை என்று பெயர். ஒவ்வொரு ஊர்க் கைவினைச் சந்தையிலும் நிறுத்தி, விற்று, பக்கத்தில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்கு ஏறுவார்கள்.

இத்தனை வருஷமும் என்னை ஒருதடவைகூடக் கூப்பிட்டதில்லை. இந்தத் தடவை தம்பி மனைவியே போன் செய்தாள்.

"அண்ணி, நீங்க வந்தே ஆகணும்."

அவள் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிறவள். அவள் வாயிலிருந்து 'வந்தே ஆகணும்' என்றால் எனக்கு எப்படி இருக்கும்? ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான் நினைவுக்கு வந்தது. சம்பளமில்லாமல் சமைக்க ஆள் தேடுகிறார்கள் என்று நினைத்தேன். ஆனாலும் போனேன். காரணம், மலை உச்சியில் இருந்த ஊர். அங்கே புதிதாக மணிக்கூண்டு கட்டியிருந்தார்கள். அதற்கு எட்டு மணிகள் வேண்டும். கடைசிச் சந்தையில் மணி செய்கிறவர்கள் தங்கள் மணிகளைத் தொங்கவிட வேண்டும், ஒரு குழு கேட்டுத் தேர்ந்தெடுக்கும். டங்குவின் மணிகள் எத்தனையோ வீடுகளில் தொங்குகின்றன. ஒரு ஊரே நின்று கேட்கிற மணி மட்டும் இல்லை. அந்த ஏக்கம் அவனுக்கு எத்தனை வருஷமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மலை ஏற ஆரம்பித்ததும் முதல் சந்தேகம் வந்தது. டங்கு ஓட்டினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் சில வளைவுகளில் அவன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள், சிலவற்றில் இரண்டு. பேரன் பேத்தி எடுக்கிற வயதில் என்ன கொஞ்சல் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் கொஞ்சுகிறவள் முகம் அப்படி இறுகியிருக்காது. என்னவோ இருக்கிறது.

முதல் சந்தை ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. கூடை, கம்பளி, மண்பாண்டம் என்று வரிசையாகக் கடைகள். நான் ஒரு சால்வையைத் திருப்பி உள்பக்கத் தையலைப் பார்த்ததற்கே, "வாங்க வந்தீங்களா, ரெய்டுக்கு வந்தீங்களா?" என்றாள் கடைக்காரி. எதிர்க்கடையில் இன்னொரு மணிக்காரர் இருந்தார், நெஞ்சுவரை தாடி. அவரும் மணிக்கூண்டுக்குப் போட்டியிடுகிறார் என்றார்கள்.

"டங்கு, உன் மணியை அடிச்சா பால்காரன் வந்துட்டான்னு பொம்பளைங்க பாத்திரத்தோட ஓடி வர்றாங்களாமே!" என்று அவர் கத்த, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

டங்கு எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பிறகுதான் சிரித்தான். திருப்பிக் கொடுப்பதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. அன்று ஒரு வார்த்தை வரவில்லை. இந்தத் தாடிக்காரரிடம் ஏன் அடங்கிப் போகிறான்?

சாயங்காலம் டீ குடிக்கும்போது இரண்டு மணிகளை எடுத்து வைத்தான். "அக்கா, இதுவா அதுவா?"

பழைய விளையாட்டு. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. "அது. இது மூக்கடைச்ச மாதிரி முனகுது" என்றேன். அவன் மணியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முனகின மணியில் சாக்பீஸால் கோடு போட்டான். காலையில் எழுந்தபோது அதன் உள்ளே சுரண்டிக்கொண்டிருந்தான். நடுநடுவே மணியின் விளிம்பைப் பல்லில் வைத்துத் தட்டினான். சின்ன வயதில் அவன் எதையும் கடித்துப் பார்த்ததில்லை. தட்டிப் பார்த்ததோடு சரி.

தினமும் இது நடந்தது. பெரிய மணியை மட்டும் காட்டவில்லை. போர்வை சுற்றிக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. "அது என் கணக்கு, கடைசியில பாரு" என்றான்.

அருவி பார்க்கப் போனோம். தொங்குபாலம் பார்த்தோம். மலைமுகட்டில் வேலி போட்ட இடத்தில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து, "டங்கு, டீ ஆறுது" என்றேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன், அப்போதும் இல்லை. காற்றுகூட இல்லாத நேரம். என்மேல் கோபமா?

இரண்டாவது சந்தையில்தான் என் சந்தேகத்துக்குக் கை கால் முளைத்தது. நத்தையின் பின்பக்கம் துணி காயப்போடப் போனேன். அங்கே தம்பி மனைவியும் தாடிக்காரரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"தேர்வுல செஞ்சவரை எங்க நிக்க வைப்பாங்க? முதுகைக் காட்டி நிக்கச் சொல்வாங்களா?" என்றாள் அவள்.

"சொல்லலாம். போன வருஷம் வேற ஊர்ல அப்படித்தான் செஞ்சாங்க."

"நான் கேட்டேன்னு அவருக்குத் தெரிய வேணாம். எங்க அண்ணிக்கும்தான்."

ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். போட்டிக்காரனோடு புருஷனுக்குத் தெரியாமல் என்ன பேச்சு? என் தம்பியின் எட்டு மணிகளை விலை பேசுகிறாளா? அன்றைக்கு அவள் ஊற்றிக் கொடுத்த டீயைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

செக்கிங்கில் ஒரு பாடம் உண்டு. சந்தேகம் வந்தால் யாரையும் கேட்காதே, துணியை விளக்குக்கு நேரே பிடி. நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். தட்டுகள். முகம் பார்த்துச் சிரித்த சிரிப்பு. பல். 'முதுகைக் காட்டி'.

மறுநாள் மதியம் டங்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு கரண்டியைக் கீழே போட்டேன். கத்தி நிற்கவில்லை. வேனுக்குள் தொங்கிய திரைக்கு இந்தப் பக்கம் நின்று, பெட்டியிலிருந்த மிகச் சின்ன மணியை எடுத்து அடித்தேன். அவன் செய்ததிலேயே அழகான சத்தம் அதற்குத்தான். அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தான்.

வாசலில் தம்பி மனைவி நின்றிருந்தாள். "அண்ணி, வேணாம்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

நான் சுற்றி வந்து அவன் எதிரே உட்கார்ந்தேன். "எவ்வளவு நாளாடா?"

அவன் கத்தியை வைத்தான். "கண்டுபிடிச்சிட்டியா? ரெண்டு வருஷமா அக்கா. கீழ்ச் சத்தம் கேக்குது. மேல் சத்தம் சுத்தமாப் போச்சு. பட்டறை தின்னுடுச்சு. அதிர்வைப் பல்லுலதான் பிடிச்சுப் பாக்குறேன்."

"காதுக்குக் கருவி வாங்கி மாட்டலாமே?"

"இருக்கு. மாட்டினா எல்லா மணியும் தகர டப்பா மாதிரி கேக்குது."

"அதுக்காக மலை ரோட்டுல செவிடனா வண்டி ஓட்டுவியா? இவ முழங்கால்ல தட்டுறது..."

"எதிர்ல ஒருத்தன் ஹாரன் அடிச்சா ஒண்ணு, பெரிய வண்டின்னா ரெண்டு" என்றாள் அவள். "கருவியை மாட்டுங்கன்னு கெஞ்சிப் பாத்துட்டேன் அண்ணி. கேட்டாத்தானே?"

"அந்தத் தாடிக்காரன்?"

"அவருக்கும் ஒரு பக்கம் காது போயிடுச்சு. பாத்ததுமே இவரைக் கண்டுபிடிச்சிட்டார். யார்கிட்டயும் சொல்லலை."

எனக்குக் கோபம் தம்பி மேல்தான். "கூடப் பொறந்தவகிட்ட மறைப்பியா? சொல்லித்தான் கூப்பிட்டிருக்கலாமே!"

"சொன்னா நீ என்ன செய்வே? ஐயோ பாவம் என் தம்பின்னு எல்லா மணியையும் பாஸ் பண்ணிடுவே. பாராட்டுறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க அக்கா. எனக்கு உன் வாயால ரிஜெக்ட் வேணும்."

அன்றிலிருந்து கருவி மாட்டாமல் சாவியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். முனகிக்கொண்டே மாட்டினான். ஆனால் மணி விஷயத்தில் எங்கள் விளையாட்டு கெட்டுப்போனது. இப்போது சந்தேகம் அவன் பக்கம் போய்விட்டது. நான் ஒரு மணியை நன்றாக இருக்கிறது என்றால், "நிஜமாவா, பாவம் பாக்குறியா?" என்பான். என் புருவத்தை, உதட்டைப் பார்ப்பான். நானும் என்னையே சந்தேகப்பட ஆரம்பித்தேன். இது மணியின் அழகா, இல்லை தம்பி என்ற பாசமா? கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்தான் கொஞ்சம் நிம்மதி.

உச்சி ஊர் குளிராக இருந்தது. மணிக்கூண்டுக்கு முன்னால் மரச்சட்டங்கள் நட்டு, ஆளுக்கு எட்டுக் கொக்கி மாட்டியிருந்தார்கள். தேர்வு அன்று காலையில் டங்கு ஏழு மணிகளை வரிசையாக வைத்தான். ஏழும் நான் கேட்டுத் திருத்தினவை. பிறகு போர்வையைப் பிரித்து எட்டாவதை எடுத்தான்.

"இதை உன்கிட்ட காட்டாததுக்குக் காரணம், இது பெரிசு. இதோட சத்தம் எனக்கே கேக்குது" என்றான். அவன் முகத்தில் சின்னப் பிள்ளையின் கர்வம்.

அடித்தேன். நெஞ்சில் கை வைத்தது போல ஒரு சத்தம். பிறகு அது தேய்கிற நேரத்தில், மேலே மெல்லிசாக ஒரு நடுக்கம், குளிரில் பல் அடித்துக்கொள்வது போல. மறுபடி அடித்தேன். மறுபடி அதே நடுக்கம். அவனுக்குக் கேட்கிற பாதி அழகாக இருந்தது. குறை, கேட்காத பாதியில்.

எட்டுக் கொக்கிக்கு எட்டு மணி வேண்டும். இதைத் தள்ளினால் வேறு மணி இல்லை. தம்பி மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குழுவில் யாருக்கும் கேட்காமலே போகலாம்.

"தள்ளு" என்றேன்.

"என்னது?"

"சத்தம் வால்ல நடுங்குது. தள்ளுடா."

மணியைப் பல்லில் வைத்துப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது. வெகுநேரம் என்னை உற்றுப் பார்த்தான். பிறகு, யார் முகத்தையும் பார்க்காமல், அவனாகவே சிரித்தான். மணியைப் போர்வையில் சுற்றிவிட்டு ஏழை மட்டும் தொங்கவிட்டான்.

குழுத் தலைவி, கம்பளிக் கோட்டும் கூர்மூக்குமாக ஒரு அம்மாள், காலிக் கொக்கியைக் குச்சியால் தொட்டாள். "எட்டு கேட்டோமே?"

"எட்டாவதை எங்க அக்கா ரிஜெக்ட் பண்ணிட்டாங்க."

"அக்கா சங்கீத டீச்சரா?"

"சட்டை செக்கிங்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தள்ளின மணியைக் கொண்டுவரச் சொல்லி அடிக்க வைத்தாள். குழுவிலிருந்த கடிகார மெக்கானிக், "நல்லாத்தானே இருக்கு" என்றார். பக்கத்திலிருந்தவர் ஏதோ நடுங்குவது போலத்தான் இருக்கிறது என்றார். "செஞ்சவர் நீங்க என்ன சொல்றீங்க?" என்று அந்த அம்மாள் டங்குவைக் கேட்டாள்.

டங்கு ஒருதடவை என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"எனக்கு அது கேக்காதுங்க. மேல் சத்தம் போயிடுச்சு. கை என்னுது, காது இவங்களது."

தாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாள் எங்கள் இருவரையும், ஏதோ வித்தை காட்ட வந்தவர்களைப் பார்ப்பது போல, மாறி மாறிப் பார்த்தாள். ஏழு மணிகளையும் வரிசையாக இரண்டு தடவை அடிக்கச் சொல்லிக் கேட்டாள். குழுவோடு தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"உங்களை நம்பறதா வேணாமான்னு எனக்குத் தெரியலை. ஏழும் இங்கேயே இருக்கட்டும். மழைக்கு முன்னாடி எட்டாவதைக் கொண்டு வாங்க. சரியில்லைன்னா வேலை தாடிக்காரருக்கு" என்றாள்.

மலை இறங்கும்போது தம்பி மனைவி ஓட்டினாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முன்சீட்டில் நான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அவள் கையைச் சந்தேகத்தோடு பார்த்தேன். வண்டி ஒரு இடத்தில்கூட அலுங்கவில்லை.

கொட்டகையில் எட்டாவதை மறுபடி வார்த்தான். கேட்டேன். "தள்ளு" என்றேன். உடைத்து உருக்கினான். அடுத்ததிலும் அதே நடுக்கம், கொஞ்சம் குறைவாக. "தள்ளு." அன்று என்னோடு பேசவில்லை. ஆனால் மனைவியிடம், "கிழவி மாறவே இல்லை" என்று சந்தோஷமாகச் சொன்னானாம்.

மேகம் கூடுகிற நேரத்தில் மூன்றாவது தயாரானது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். சத்தம் எழுந்து, அகன்று, தேய்ந்து, தேய்ந்த இடம் தெரியாமல் போனது. மறுபடி அடித்தேன்.

"என்ன? ஏன் ரெண்டாவது தடவை அடிக்கிறே? என்ன குறை?" அவன் குரலில் அத்தனை சந்தேகம்.

"குறை ஒண்ணுமில்லை."

"பின்னே?"

"இன்னொரு தடவை கேக்கணும்போல இருந்துச்சு."

என் முகத்தை மேலிருந்து கீழ்வரை ஒரு சட்டையைப் பார்ப்பது போலப் பார்த்தான். பிறகு போர்வையையும் நத்தையின் சாவியையும் எடுத்து வரச் சொல்லி மனைவிக்குக் குரல் கொடுத்தான்.