பாண்டீஸ்வரி எடுத்த ட்ரெய்லர் லைட்டு

கோச்சடை பாண்டீஸ்வரி சாமான் வாங்க வந்துருச்சுன்னா கடைக்காரரு அன்னைக்கு மத்த யாவாரத்த மறந்துர வேண்டியதுதான். குக்கர் வாங்கப் போனா விசிலக் கழட்டி ஊதிப் பாக்கும். கட்டில் வாங்கப் போனா கடையிலயே ஏறிப் படுத்து ரெண்டு பக்கமும் உருண்டு பாக்கும். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு மட்டுந்தான் ஒண்ணுஞ் சோதிக்காம சரின்னு தலையாட்டிருச்சு. அப்படி வந்தவருதான் அழகுபாண்டி.

ரெண்டு பேருக்கும் மீன் குத்தகைதான் பொழப்பு. கண்மாய ஏலத்துல எடுத்து, குஞ்சு விட்டு வளத்துப் பிடிக்கணும். அவுக எடுத்த மூணு கண்மாய்க்கும் சேத்து ஒரே ஃபைபர் படகு. அதத் தூக்கிட்டுப் போக ஒரு ட்ரெய்லரு, ட்ரெய்லர இழுக்க ஒரு குட்டி லோடு வண்டி. படக எறக்கணும்னா ட்ரெய்லர ரிவர்ஸ்ல கண்மாய்க்குள்ள விடணும். சக்கரம் முங்கும். கூடவே பின்னாடி இருக்க ரெண்டு செவப்பு லைட்டும் முங்கும். அஞ்சு மாசத்துல நாலு ஜோடி லைட்டு அப்படி முங்கிச் செத்துருச்சு.

அழகுபாண்டி அதப் பெருசா எடுத்துக்கல. போன வாரம் பொழுது சாயுற நேரம், கப்பலூரத் தாண்டி நாலுவழிச் சாலையில வாராக. பின்னாடி வந்த லாரி, படகுக்கு ஒரு முழம் இருக்கையில பிரேக்கப் போட்டு, ரோட்டுக்குக் குறுக்கத் திரும்பி நின்னுச்சு. டிரைவர் எறங்கி வந்தாரு.

"யோவ், ரோட்டுல படகு விடுறதே தப்பு. அதயும் இருட்டுல விடுறியா?"

"லைட்டு இருக்குண்ணே. எரியல, அம்புட்டுதான்."

பக்கத்து சீட்டுல இருந்த பாண்டீஸ்வரி எறங்கிப் போயி, செத்துக் கெடந்த லைட்டத் தட்டிப் பாத்துச்சு. வீடு வந்து எறங்குனதும் லோடு வண்டிச் சாவிய எடுத்து முந்தியில முடிஞ்சுக்கிருச்சு.

"தண்ணியில முங்கி எந்திரிச்சும் எரியுற லைட்டு வரட்டும். அதுக்கப்பறம் இது வாசலத் தாண்டட்டும்."

"வெள்ளிக்கெழம வலை இழுக்கணும், ஈஸ்வரி."

"ஆளு இருந்தாத்தேன வலை."

மறுநா காலையில லைட்டுக் கடை. கடைக்காரரு ஜெயபாண்டிக்கு லவுடு ஸ்பீக்கர் தேவையில்ல. "வாங்கக்கா! இந்தா பாருங்க, மிலிட்டரி லைட்டு! கப்பலுக்கே இதத்தான் மாட்டுறாய்ங்க!"ன்னு ஒண்ண எடுத்து, பேட்டரியில குடுத்து, வாளித் தண்ணியில போட்டாரு. எரிஞ்சுச்சு. இன்னொண்ணு போட்டாரு. அதுவும் எரிஞ்சுச்சு. "மீனு மாதிரிக்கா. நீந்த மட்டுந்தான் செய்யாது."

"போன தடவையும் வாளியில எரிஞ்சுச்சு. கண்மாய்லதான் செத்துச்சு. வாளித் தண்ணிக்கும் கண்மாய்த் தண்ணிக்கும் என்ன வித்தியாசம்?"

ஜெயபாண்டி யோசிச்சாரு. "கண்மாய்ல தவள இருக்குமுல்லக்கா."

"அந்த மூலையில கெடக்கே, கருப்பா, சப்பையா. அது என்ன?"

"அது வேணாக்கா. உள்ள பூரா பசைய ஊத்தி எறுக வச்சிருக்கான். பிரிக்க முடியாது, ரிப்பேரு பாக்க முடியாது. மூஞ்சியும் நல்லால்ல."

"நான் என்ன அத ஃபோட்டோவா எடுக்கப் போறேன்?"

நாலு தினுசுல ஒண்ணொண்ணு வாங்கிக்கிட்டு வந்துருச்சு. மத்தியானம் சுடச்சுட மீன் கொழம்பத் தூக்குவாளியில ஊத்தி மூடி, ஆறட்டும்னு தண்ணித் தொட்டியில வச்சுச்சு. கொஞ்ச நேரங் கழிச்சுத் தொறந்தா, மூடி வரல. அழகுபாண்டி இழுத்தாரு. அப்பவும் வரல. உள்ளுக்குள்ள காத்து சுருங்கி மூடிய இறுக்கிப் பிடிச்சிருந்துச்சு. பாண்டீஸ்வரி தூக்குவாளியப் பாத்துச்சு. அப்பறம் புருசனப் பாத்துச்சு.

"ட்ரெய்லரத் தண்ணியில விடயில லைட்ட அணைப்பீகளா?"

அழகுபாண்டி மூடியத் திருகுறதுல கவனமா இருந்தாரு.

"உங்களத்தேன்."

"அணைக்க மாட்டேன். பிரேக்கையும் சேத்து மிதிப்பேன்."

"எதுக்கு?"

"தண்ணி பூரா செவசெவன்னு ஆகும். கரையில நிக்கிறவய்ங்க வாயப் பொளந்து பாப்பாய்ங்க."

விடியக்காலம் கெளம்பி ஒரு மணி நேரம் எரிஞ்சு சூடேறுன லைட்டு. அதக் கொண்டுபோய்ப் பச்சத் தண்ணியில முக்குனா, உள்ள காத்து சுருங்கி, சந்து கெடைக்கிற பக்கமெல்லாம் தண்ணிய உறிஞ்சத்தான் செய்யும். வாளியில முக்குனது சூடில்லாத லைட்டு. அதான் அங்க பாஸாயிருச்சு. நாலு ஜோடி லைட்டும் செத்தது ஒரு ஆளோட வேடிக்கைக்கு.

மறுநா உச்சி வெயில்ல மொட்டை மாடியில நாலு லைட்டையும் வரிசையா வச்சு, பழைய பேட்டரியில எரிய விட்டுச்சு. பக்கத்து மாடியில துணி எடுக்க வந்த சுந்தரம்மாள் எட்டிப் பாத்துச்சு.

"ஏத்தா, லைட்ட எதுக்கு வத்தலு மாதிரி காயப் போட்டுருக்க?"

"காஞ்சப்பறம் ஊறப் போடணும், மதினி."

சுந்தரம்மாள் துணியச் சுருட்டிக்கிட்டு எறங்கிப் போயிருச்சு.

ரெண்டு மணி நேரங் கழிச்சு, மீன் பெட்டியில ஐஸ் தண்ணிய ரொப்பி நாலையும் அதுல முக்குச்சு. மிலிட்டரி லைட்டு பாதி வரைக்கும் தண்ணி குடிச்சிருச்சு. ரெண்டாவதுல கண்ணாடிக்குள்ள வேர்த்துச்சு. மூணாவது அணைஞ்சே போச்சு. கருப்பு லைட்டுக்குள்ள தண்ணி போக எடமும் இல்ல, காத்து இருக்க எடமும் இல்ல. எரிஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சு. பாண்டீஸ்வரி நம்பல. வெயில்ல போட்டு, ஐஸ்ல போட்டு, இன்னும் ஆறு தடவை முக்குச்சு. அப்பறந்தான் அழகுபாண்டிகிட்ட அதுலயே இன்னொண்ணு ஜோடிக்கு எடுத்துட்டு வரச் சொன்னுச்சு.

மாட்டயிலயும் பக்கத்துலயே நின்னுச்சு. லைட்டுலருந்து வார வயரு தண்ணி ஏறாத எடம் வரைக்கும் ஒட்டுப் போடாம வரணும். ஒட்டு, ட்ரெய்லரோட முன் பக்கம் மேலதான் இருக்கணும். அது போக இன்னொரு சட்டம்: தண்ணிக்குள்ள எறக்கு முன்னாடி ப்ளக்கப் பிடுங்கி, லைட்டு ஆறுற வரைக்கும் ஒரு டீ குடிக்கணும்.

"அப்ப தண்ணி செவக்காதே," அழகுபாண்டிக்குக் கொரலே எறங்கிப் போச்சு.

வெள்ளிக்கெழம வலை இழுத்தாச்சு, மீனும் வேற வண்டியில போயிருச்சு. ட்ரெய்லரு தண்ணியிலருந்து ஏறுனதும் ப்ளக்கச் சொருகினாக. ரெண்டும் எரிஞ்சுச்சு. பாண்டீஸ்வரிக்கு அது பத்தல. ரோட்டுல குலுங்குறப்பயும் எரியணுமே. அழகுபாண்டிய முன்னாடி போகச் சொல்லிட்டு, தான் கண்மாய்க்கு ஓட்டிட்டு வந்திருந்த ஸ்கூட்டியில பின்னாடியே வந்துச்சு. லேசா இருட்டுது. பிரேக்குக்குப் பளிச்சுன்னு எரியுது. லெஃப்டு திரும்புனா லெஃப்டு எரியுது. ரெண்டு லைட்டையும் விட்டுக் கண்ண எடுக்கல.

அப்ப பின்னாடி ஒரு லாரி ஆரன் அடிச்சுச்சு. பக்கத்துல வந்து டிரைவர் தலைய நீட்டுனாரு.

"யக்கோவ்! முன்னாடி போற படகு அம்புட்டுத் தூரத்துலருந்து தெரியுது. ஒங்க வண்டிதான் தெரியல. பின்னாடி ஒரு பொட்டு வெளிச்சமில்ல, ஓரமா நிப்பாட்டுங்க!"

பாண்டீஸ்வரி நிப்பாட்டி எறங்கி, சுத்தி வந்து குனிஞ்சு பாத்துச்சு. ஸ்கூட்டி பின்னாடி கும்மிருட்டு.

அழகுபாண்டியும் வண்டிய ஓரங்கட்டிட்டு நடந்து வந்தாரு. அவசரமே படாம வந்தாரு. ஸ்கூட்டியப் பாத்தாரு, பொண்டாட்டியப் பாத்தாரு. சிரிக்கவே இல்ல. அந்தக் கட்டுப்பாட்ட அவரு வேற எதுலயும் காட்டுனதில்ல.

"தூக்குவமா?"

"ம்."

ரெண்டு பேருமாத் தூக்கி ஸ்கூட்டியப் படகுக்குள்ள வச்சு, கயித்தப் போட்டு இறுக்கிக் கட்டுனாக. பாண்டீஸ்வரி வண்டியில ஏறி, பக்கக் கண்ணாடியத் தன் பக்கம் திருப்பிக்கிருச்சு. கண்ணாடியில, ட்ரெய்லர் ஓரத்துல ரோடு செவப்பா ஓடிக்கிட்டு வந்துச்சு.

"மெதுவாப் போங்க. ஸ்கூட்டி சாஞ்சுரப் போகுது."