எர்த் கம்பியில் ஏறி வந்த நாற்றம்

பேய், செய்வினை என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் டீ கலக்குகிற ஆள் நான். மின்னியல் படித்தவன், பையில் மல்டிமீட்டர் இல்லாமல் வெளியே கிளம்பாதவன், மீட்டரில் முள் அசையாத எதையும் நம்பவேண்டிய தேவை எனக்கு வந்ததே இல்லை. அதனால்தான் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் படிக்காதீர்கள், ஏனென்றால் நான் பயந்ததைவிடக் குமட்டியதுதான் அதிகம்.

கல்யாணமாகி நானும் பவானியும் குனோங் ராபாட்டில் சுவரோடு சுவர் ஒட்டிய தெரஸ் வீடு ஒன்றுக்குக் குடிவந்தோம். ஹாலில் ஒரு ஆம்ப்ளிஃபையர், ஆள் உயரத்தில் பாதிக்கு இரண்டு ஸ்பீக்கர், அதுதான் என் சொத்து. காலையில் வைத்தால் வீணைக்காரர் நம் பாயிலேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். சாயங்காலம் வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாம் வேலை முடிந்து வந்து ஏர்கோனையும் வாட்டர் ஹீட்டரையும் தட்டிவிட்டதும் அதே வீணை தகர டப்பா ஆகிவிடும், போதாததற்கு ஸ்பீக்கருக்குள் யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவது மாதிரி ஒரு ஹம். மின்சாரம் ஆற்றுத் தண்ணீர் மாதிரிதான், மேலே யார் எதைக் கழுவினாலும் கீழே இருக்கிறவன் குடிக்கவேண்டும். எனக்கு அந்த அழுக்கு மின்சாரத்தின் மேல் அப்படி ஒரு அருவருப்பு, பல்லில் மணல் கடிபடுகிற அருவருப்பு.

பாட்டுப் பைத்தியங்களிடம் இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. வீட்டின் பொது எர்த்தை நம்பாமல், ஆம்ப்ளிஃபையருக்கு மட்டும் தனியாக ஒரு செம்புக் கம்பியைப் பூமியில் இறக்குவது. ஒரு வீட்டில் இரண்டு எர்த்தைத் தனித்தனியாக விடுவது ஆபத்து என்று படித்தவன்தான் நான், ஆனால் பைத்தியம் என்றால் பைத்தியம்தானே. தெரிந்த வயர்மேன் தனா அண்ணனைக் கூப்பிட்டேன். பின்பக்கம் துணி காயப்போடுகிற இடத்தில் கம்பியை வைத்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டே அவர் கிண்டல் பண்ணினார்.

"ஊருல சாமிக்கு சூலம் நடுவாங்க. நீ பாட்டு கேக்க கம்பி நடுற. நல்லா இருக்குலா தம்பி."

"அண்ணே, இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?"

"ஈய லொம்போங்தான், ஈயத்துக்காக மணலத் தோண்டிக் கழுவின சுரங்க எடம். ஒரு ரப்பர் மரம்கூட நின்னதில்ல. உப்புத் தண்ணி மட்டும் அப்பப்ப ஊத்து, மணல் மண்ணுல எர்த்து புடிக்காது."

இந்த ரப்பர் மரத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். அது ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நம்பினால் நம்புங்கள், அன்று சாயங்காலம் ஹம் இல்லை. முனகல் அறுத்துவிட்ட மாதிரி நின்றது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அப்படி ஒரு அமைதி, கிணற்றை எட்டிப் பார்ப்பது போல. நான் குதிக்காத குறை. பவானியும் கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு கண்ணைத் திறந்து, மூக்கைச் சுருக்கினாள்.

"எலி ஏதும் செத்துக் கெடக்கா?"

எனக்கும் வந்தது. புளித்துப்போன பால், அதில் ஊறிய செத்த எலி, அதற்கு மேல் ஈரச் சாக்கு. தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற நாற்றம். ஆம்ப்ளிஃபையருக்குள் கப்பாசிட்டர் ஒழுகினால் மீன் கவிச்சி அடிக்கும், அதுவாக இருக்கும் என்று மூடியைக் கழற்றினேன். ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. பல்லி கருகியிருக்கும் என்று டார்ச் அடித்தேன், பல்லியும் இல்லை. சாக்கடை மூடி, சிங்க் குழாய், எல்லாம் பார்த்தாயிற்று. செட்டை அணைத்தால் நாற்றம் போகிறது, போட்டால் வருகிறது. ஸ்பீக்கரின் பின்னால் காற்று வருகிற ஓட்டையில் மூக்கை வைத்தேன், அவ்வளவுதான், நேரே பாத்ரூமுக்கு ஓடினேன்.

வாயைக் கழுவிக்கொண்டு வந்தபோது பவானி சுவரோடு சாய்ந்து நின்றாள். "இது எலி இல்ல. இது கட்டிப்பால்."

அவள் சுங்காய் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டியவர்கள். மங்கில், அதாவது மரத்தில் கட்டும் கிண்ணத்தில், உறைந்துபோன பாலைச் சாக்கில் கட்டி வீட்டுப் பின்னால் போட்டு வைப்பார்களாம், அது அழுகி ஒழுகுமாம். பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகள் இவளைப் பார்த்ததும் டையை எடுத்து மூக்கில் வைப்பார்களாம். யாழ்ப்பாண வழியில் வந்த, மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த என் வீட்டுக்கு மருமகளாக வர ஒப்புக்கொள்வதற்கு முன்னால் அவள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "ஒங்க வீட்டுல யாராச்சும் மூக்கப் பொத்துவாங்களா?" என்பதுதான். மாட்டார்கள் என்று சொல்லியிருந்தேன்.

"அந்தக் கம்பியப் புடுங்குங்க," என்றாள்.

"கம்பியில கரண்டுதான் வரும், நாத்தமா வரும்?"

"எனக்குத் தெரியாதுலா. புடுங்குங்க."

நான் பிடுங்கவில்லை. அந்த அமைதியை விட மனம் வரவில்லை. அவள் ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்க்கிறாள், நோயாளி முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கிற வேலை. அந்த வாரம் ஒருநாள் வந்து, குளித்து, மறுபடி போய்க் குளித்து, தலையில் துண்டோடு வந்து என் முன்னால் நின்றாள். டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் தண்ணீர் வரவில்லையா என்று மெதுவாகக் கேட்டாராம். "எவ்ளோ மரியாதையா கேட்டாரு தெரியுமா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காம்பாரிலிருந்து என் அம்மா சாப்பிட வந்தார். பட்டப்பகல், நல்ல வெயில். நான் செட்டைப் போட்டிருக்கவே கூடாது. ஆனால் புதிதாகச் செய்த வேலையை ஒருவருக்காவது காட்டாவிட்டால் தூக்கம் வராத ஜாதி நான், போட்டேன். வீணை ஆரம்பித்தது. அம்மா தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் தலையாட்டல் நின்றது. சேலைத் தலைப்பு மூக்குக்குப் போனது. அவர் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. சோற்றுச் சட்டியோடு வந்த பவானியைப் பார்த்தார்.

"பிள்ளை, மேல் கழுவிப்போட்டுச் சமைச்சிருக்கலாமே."

பவானி சட்டியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் பேசுவதற்குள், சொட்டு என்று ஒரு சத்தம்.

இதை நான் எத்தனையோ விதமாக யோசித்துவிட்டேன். ஸ்பீக்கரின் அந்த ஓட்டையிலிருந்து வெள்ளையாக, கெட்டியாக ஏதோ வழிந்து டைல்ஸ் மேல் விழுந்துகொண்டிருந்தது. கோந்து என்பீர்கள். உள்ளே இருக்கிற கோந்து காய்ந்து பாறையாகி எத்தனையோ காலம், அப்புறம் கோந்து அப்படி நாறாது. நாற்றம் அலை அலையாக வந்தது, மேசையில் இருந்த நண்டுக் கறியைப் பார்க்க முடியவில்லை. பவானி மட்டும் குனிந்து அதை விரலில் எடுத்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இழுத்தாள். நூலாக நீண்டது.

"பால்தான். இன்னிக்கு வெட்டின பால்," என்றாள், விலை கேட்டவருக்குப் பதில் சொல்கிற மாதிரி.

பிறகு அம்மாவிடம் போனாள். "மாமி, இது என் மேல் நாத்தம் இல்ல. தொட்டுப் பாருங்க." அம்மா கையைப் பின்னால் இழுத்தார். பவானி அந்தக் கையைப் பிடித்து, விரித்து, உள்ளங்கையில் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்தாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. சின்னப் பிள்ளைக்கு மருந்து தடவுவது போல நிதானமாக. அம்மா எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அன்றைக்கே தனா அண்ணனை வரவழைத்துக் கம்பியைப் பிடுங்கினேன். அது முழுக்க ரப்பர் சுற்றியிருக்கும் என்று வாயில் துணியைக் கட்டிக்கொண்டு நின்றேன். செம்பு பளபளவென்று வந்தது, நுனியில் கொஞ்சம் காய்ந்த மணல், அவ்வளவுதான். "என்னா தம்பி, கொரோனா திரும்பி வந்துருச்சா?" என்று அண்ணன் சிரித்தார். ஸ்பீக்கரைக் கழற்றினேன், உள்ளே பஞ்சு வறண்டு கிடந்தது. டைல்ஸில் இருந்ததைப் பவானி எப்போதோ துடைத்துவிட்டிருந்தாள். மறுநாளிலிருந்து நாற்றம் இல்லை, ஹம் திரும்பி வந்துவிட்டது. கிளினிக்கில் யாரும் எதுவும் கேட்கவில்லை. இத்தோடு முடிந்திருந்தால் நானே ஏதாவது ரசாயனம் சொல்லி என்னைச் சமாதானப்படுத்தியிருப்பேன்.

கொஞ்ச நாள் கழித்து அம்மா போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது. "தம்பி, ரேடியோ அந்தப் பால் மணம் மணக்குது. கை மணக்குது. கோயில்ல பக்கத்தில இருந்த மனுசி எழும்பிப் போட்டா."

அம்மாவின் ரேடியோ பேட்டரியில் ஓடுவது. வயர் இல்லை, பிளக் இல்லை, எர்த் இல்லை, நான் இத்தனை நாள் திட்டிய மின்சாரமே அதில் இல்லை. நானும் பவானியும் காம்பாருக்குப் போனோம். வாசல்படியிலேயே அதே நாற்றம், அதே ஈரச் சாக்கு. அம்மாவின் உள்ளங்கை தேய்த்துத் தேய்த்துத் தோலுரிந்து சிவந்து கிடந்தது. பவானி அந்தக் கையை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் நன்றாக முகர்ந்தாள். பேரக் குழந்தையின் கையை முகர்வதுபோல் இருந்தது.

"ஒண்ணும் இல்லியே மாமி. சோப்பு வாசந்தான் வருது."

அம்மா அழுதார். பவானி அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், தலை வாரிவிட்டாள், இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எஸ்டேட்டில் பிறந்தவளுக்கு அந்த நாற்றம் தெரியாமல் போகுமா, அல்லது அவளுக்கு அது உண்மையாகவே வரவில்லையா, நான் இன்னும் கேட்கவில்லை.

திரும்பும்போது கார் முழுக்க அது ஏறியிருந்தது, என் சட்டையில், சீட்டில், ஸ்டியரிங்கில். நான் கண்ணாடியை இறக்கி முகத்தைக் காற்றில் வைத்துக்கொண்டே ஓட்டினேன். பவானி கை நீட்டி என் பக்கத்துக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, "வெக்கையா இருக்கு, ஏர்கோன் போடுங்க," என்றாள்.