வலப்பக்கம் போன சட்டைப் பை

என் கணவரின் அக்காவை எங்கள் தெருவில் எல்லோரும் கத்திரி என்றுதான் சொல்வார்கள். ஆண்களுக்குச் சட்டை தைப்பதுதான் தொழில். வாயும் அதே கூர்மை. நான் அண்ணி என்பேன். போன வருடம் ஒரு துணிக் கிடங்கில், சரக்கு லிப்டின் இரும்புக் கதவு அவருடைய வலது கையில் இறங்கியது. கட்டைவிரலும் அதன் பக்கத்து விரலும் இன்றுவரை மடங்குவதில்லை. கதவு பழுதென்று தெரிந்தும் ஓட்டிய புண்ணியவான்கள், "அந்தம்மா பாக்காம கையை விட்டுட்டாங்க" என்று கூசாமல் சொன்னார்கள். அண்ணி வழக்குப் போட்டார்.

வக்கீலம்மா முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். "கேஸ் முடியுற வரைக்கும் போட்டோ, வீடியோ எதையும் எங்கயும் போடக்கூடாது. வீட்ல இருக்கறவங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்." நான்தான் முதலில் தலையாட்டினேன்.

ஆனால் அண்ணியின் தையல் கடையை இழுத்து மூடிவிட்டார்கள் என்று ஊரே பேசினால் வயிறு எரியாதா? அண்ணியோ இடது கைக்கென்று தனிக் கத்திரி வரவழைத்து, பழைய செய்தித்தாளை வெட்டி வெட்டிப் பழகினார். பத்து மாதம். முதல் சட்டையைத் தைத்துக் கடைப் பொம்மைக்கு மாட்டிய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் அடுத்த துணியை வெட்டும்போது, என் மூஞ்சியும் வரட்டுமே என்று செல்ஃபி கேமராவில் பிடித்தேன். முன்னால் பல்லிளிக்கும் நான், பின்னால் அண்ணி, ஓரத்தில் பொம்மை. 'கடை திறந்திருக்கு, வாங்க!' என்று போட்டும் விட்டேன். பாழாய்ப்போன மறதி!

மூன்றாம் வாரம் எதிர்த்தரப்பு அந்த வீடியோவைக் கோர்ட்டில் நீட்டியது. அதில் அண்ணி வலது கையால் சரசரவென்று வெட்டுகிறார். மடங்காத கை என்று சொன்னதெல்லாம் நாடகமாம்.

"இப்பவே அழிச்சிடறேன் அண்ணி" என்றேன் அழுதபடி.

"தொட்டா கையை ஒடிச்சிடுவேன். அழிச்சா நாமதான் திருடங்கன்னு ஆயிடும்."

"அவங்க சொல்றதுதான் சரி" என்று வக்கீலம்மாவும் என்னை முறைத்தார். அண்ணி அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். சட்டென்று நிறுத்தி, பொம்மையின் சட்டையைத் தொட்டுக் காட்டினார். என் போன் கண்ணாடி மாதிரி இடவலம் மாற்றிப் பதிவு செய்திருந்தது.

விசாரணை நாளில் எதிர்த்தரப்பு வக்கீல் அண்ணியைக் கூண்டில் ஏற்றி, வீடியோவைத் திரையில் ஓடவிட்டார். "இந்தக் கைதான் மடங்காத கையா?"

"கொஞ்சம் நிறுத்துங்க சார். அந்தப் பொம்மைச் சட்டையில பை எந்தப் பக்கம் இருக்கு?"

"வலது பக்கம்."

"உங்க சட்டையில?"

அங்கிருந்த ஆண்கள் எல்லோர் கையும் இடது நெஞ்சுக்குப் போனது. நீதிபதியின் கையும் பாதி எழுந்து, பிறகு மேசைக்குத் திரும்பியது.

"முப்பது வருஷத்துல ஒரு பையைக்கூட நான் வலப்பக்கம் வெச்சதில்லை. போன் படத்தைத் திருப்பிடுச்சு. வெட்டறது என் இடது கை. சட்டையைக் கையோட கொண்டாந்திருக்கேன், பாருங்க."

நீதிபதி சட்டையை வாங்கிப் பார்த்தார். என் போனையும் பரிசோதிக்கச் சொன்னார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் அந்த வக்கீல் அசருகிற ஆள் இல்லை.

"சரி, இடது கையால வேலை நடக்குதே. அப்புறம் உங்களுக்கு என்னம்மா நஷ்டம்?"

அண்ணி குரலை உயர்த்தவில்லை.

"இருபது நிமிஷத்துல வெட்டின சட்டைக்கு இப்போ பாதி நாள் ஆகுது சார். படுத்தே கிடந்தா பாவம்னு சொல்லியிருப்பீங்க. எழுந்து நின்னதுக்கு எனக்கு அபராதமா?"

குறுக்கு விசாரணை முடிந்தது. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கத்திரி பழகிய இடது கைக்குப் பேனா இன்னும் பழகவில்லை. அண்ணி ஒவ்வொரு எழுத்தாக வரைந்தார். ஓர் எழுத்து கோணி, அதன் மேலேயே திரும்ப எழுதினார். மொத்த கோர்ட்டும் காத்திருந்தது. அந்த வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார்.

அண்ணி தலை நிமிராமலே சொன்னார். "இதுதான் சார் நீங்க கேட்ட நஷ்டம்."

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அந்தக் கையெழுத்தைப் பற்றியும் நீதிபதி அதில் ஒரு வரி எழுதியிருந்தார்.