ஜவ்பர் காக்கா பார்த்து வைத்த சிலிண்டர்

ஜவ்பர் காக்காவைக் கொன்றது கடல் அல்ல. படகுக்குக் கீழே தொங்கவிட்டிருந்த, காற்றில்லாத சிலிண்டர். அதைக் கட்டியவர்களுக்கு அது தெரியும்.

அன்று நான் கடலுக்குப் போகாமல் சவளக்கடையில் மாமாவின் வயலில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றபோது தகவல் வந்தது. தொலைபேசியில் மௌத்துச் செய்தியைச் சொன்னவன் அதே மூச்சில், "படகு முதலாளியில பிழை இல்லயாம்" என்றான். நான் இன்னும் எதையும் கேட்டிருக்கவில்லை.

யுத்தம் முடிந்து கடல் திறந்தபின் பாலமுனைக் கரையிலிருந்து அண்ணனைப் போல் நான் காக்கா என்று அழைத்த அவரும் நானும் ஒரே படகில் கடலட்டை பிடிக்க மூழ்கிச் சுழியோடினோம். கரைக்குக் கிட்ட இருந்த அட்டையை அள்ளி முடித்ததும் முதலாளிமார் எங்களை ஆழத்துக்கு அனுப்பினார்கள். ஆழத்தில் நெடுநேரம் கிடந்தவன் நேரே மேலே வரக் கூடாது. படகுக்குச் சற்றுக் கீழே கயிற்றைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரத்தத்தில் குமிழி கட்டி ஆளைக் கொன்றுவிடும். காத்திருக்கும் நேரத்துக்கென்று அந்தக் கயிற்றில் ஒரு சிலிண்டர் தொங்கும். "முதுகில கிடக்கிறது கொண்டு போகும். தொங்கிறதுதான் திருப்பித் தரும்" என்பார் காக்கா.

அவர் அதைத் தெரிவு செய்வதை ஊர்க்காரர்களான உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அழுத்தமானியின் முள் நிறைவைக் காட்டினால் மட்டும் அவருக்குப் போதாது. வாயில் வைத்து இழுத்துப் பார்ப்பார். மூச்சோடு முள் ஆடினால் வால்வில் கோளாறு என்று ஒதுக்கிவிடுவார். எண்ணெய் மணத்தாலும் ஒதுக்குவார். மேலதிகமாக விலாவில் கொளுவிக்கொண்டு போகும் சிலிண்டர் இரும்பென்றால் தொடவே மாட்டார். காற்று முடிந்த பிறகும் இரும்பு ஆளைக் கீழே இழுக்கும், அலுமினியம் இழுக்காது.

முதலாளிக்கு இது எரிச்சல். "என்ன ஜவ்பர், மகளுக்கு மாப்பிள பாக்கிற மாதிரிப் பாக்கிறா?" என்று ஒருநாள் நக்கலடித்தார்.

"மாப்பிள பிழையாப் போனா வேற எடுக்கலாம் முதலாளி. இது பிழையாப் போனா ஆள் மையத்துத்தான்."

படகில் சிரிக்காதவர் முதலாளி மட்டும்.

அப்படிப்பட்டவர் அன்று காத்திருக்காமல் மேலே வந்து படகிலேயே சுருண்டு விழுந்திருக்கிறார். ஜனாஸா அடக்கத்தில் எங்கள் படகின் எஞ்சின்காரன் என் காதோடு சொன்னான்: "அவர் இறங்கின பொறகு சிலிண்டர மாத்திட்டாங்க மச்சான். நல்லத மத்தப் படகுக்குக் குடுத்திட்டாங்க." மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அப்படி எதுவும் சொல்லவில்லை என்றான். உள்ளே முதலாளியின் தம்பி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஊரில் வேறு கதை ஓடுகிறது. சுனாமியில் மனைவியையும் மகனையும் பறிகொடுத்தவர், வாழ்க்கை வெறுத்துச் சாகவென்றே மேலே வந்துவிட்டாராம். தற்கொலை ஹராம்; இறந்த ஒரு முஸ்லிமின் மேல் இதைவிடப் பெரிய பழி போட முடியாது. மிச்சமிருக்கும் ஒரே மகள் அதைச் சுமக்க வேண்டும். சாக நினைத்தவன் சிலிண்டரை முகர்ந்து பார்ப்பானா?

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தச் சந்தேகம்தான். நிரம்பியது என்று எவர் எதை நீட்டினாலும் இழுத்துப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. தொங்கிய சிலிண்டர் கடலில் விழுந்துவிட்டது என்றார் முதலாளி. பிறகு, காற்றடிக்க அனுப்பியிருப்பதாகச் சொன்னார். ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது பள்ளிவாசல் படியில் வைத்துக் கேட்டேன்.

"காக்கா பாத்து வச்ச சிலிண்டர மாத்தினது ஆர்? அவர்ர மகளுக்கு முன்னால வந்து சொல்லுங்க முதலாளி."

அவர் குனிந்து செருப்பைத் தேடினார். மற்றவர்களும் தேடினார்கள்.